பிச்சிக்கு வருத்தம்

புதிதாக வந்து சேர்ந்திருக்கும் மருத்துவர்களுக்கு,

"புதுப் பிள்ளைகளுக்கு உதவுற மாதிரி நாலு பக்கம் எழுதிக் குடுங்க டாக்டர்" என்று முகாமிலிருந்து கேட்டார்கள். உண்ணிக்கு என்ன மருந்து, பாதம் வெந்துபோனால் என்ன கட்டு, வெயிலில் நாய் சுருண்டால் முதலில் எங்கே தண்ணீர் ஊற்றுவது என்பதையெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அவை உங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கின்றன. நீங்கள் தேர்வு எழுதி அதிக நாளாகவில்லை, என்னைவிட உங்களுக்கு நன்றாகவே நினைவிருக்கும். புத்தகத்தில் இல்லாத ஒன்றை எழுதுகிறேன். இத்தனை வருடம் வைத்தியம் பார்த்த ஒரு ஆள், தன் தாய்மொழியில் தவறி விழுந்த கதை அது.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கண்டரமாணிக்கத்தில் தொடங்கி சிவகங்கை மாவட்டம் முழுக்க மாட்டுக்கும் ஆட்டுக்கும் ஊசி போட்டே அரசு வேலையில் ஓய்வு பெற்றவன். மாடு வாய் திறந்து சொல்லாது, மாட்டுக்காரர் சொல்வார், அதில்தான் பாதி நோய் இருக்கும். "சவங்கிப் போயி நிக்குது டாக்டரு" என்றால் எனக்கு ஒன்று புரியும். "அசை போடல, ஆனா தண்ணி குடிக்குது" என்றால் வேறொன்று புரியும். ஆளின் பேச்சைக் கேட்டே நோயைச் சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை ஊரில் பரப்பியதில் என் பங்கும் கொஞ்சம் உண்டு.

போதாததற்குத் தமிழ்ப் பற்று வேறு. கல்லூரி நாளில் பட்டிமன்றத்தில் பேசிப் பரிசாக ஒரு பித்தளைக் குத்துவிளக்கு வாங்கியிருக்கிறேன். அது இன்றைக்கும் வீட்டுக் கூடத்தில் நிற்கிறது. ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்பதால் என் மனைவி அதில் விளக்கேற்றுவதில்லை.

இந்தப் பெருமைகளோடு புதுவயல் முகாமுக்குள் நுழைந்தேன். முதல் நாள் வேட்டி கட்டிக்கொண்டு போனேன். கரையோடு சேர்த்து அரை முழத்தை ஒரு நாய் தனக்கென்று எடுத்துக்கொண்டது. மறுநாளிலிருந்து பேன்ட்.

முகாம் இப்போது உங்களுக்குப் பழகியிருக்கும். அப்போது புதிது. மூடிக் கிடந்த ஒரு அரிசி ஆலையையும், அதன் பின்னால் இருந்த செம்மண் பொட்டலையும் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். அங்குள்ள மண்ணும் வெயிலும் இலங்கையின் வன்னிப் பகுதியைப் போலவே இருக்கின்றன என்று காரணம் சொன்னார்கள். கண்ணிவெடியை மோப்பம் பிடிக்கும் நாய்களும், அவற்றை நடத்திப் போகிறவர்களும் ஜோடி ஜோடியாக இங்கே பழகி, தேர்வில் தேறி, வன்னிக்குப் போய் வேலையைத் தொடங்க வேண்டும். நடத்துகிறவர்கள் எல்லோரும் அந்தப் பகுதி ஆட்கள். சண்டை முடிந்து எத்தனையோ வருடமாகியும் சொந்தக் காணிக்குள் கால் வைக்க முடியாதவர்கள் அவர்களில் சிலர்.

வேலை என்னவென்று தெரிந்ததுதான். நாய் முகர்ந்துகொண்டே முன்னால் போகும். மண்ணுக்குள் வெடி இருந்தால் உட்காரும். உட்காராமல் போன இடம் சுத்தம் என்று அர்த்தம். அந்தச் சுத்தமான இடத்தில் அடுத்த அடியை எடுத்து வைக்கிறவர் அந்த நாயை நடத்துகிறவர். நாய் பொய் சொல்லாது. ஆனால் உடம்பு சரியில்லாத நாய்க்கு மூக்கு வேலை செய்யாது, அப்போது அது தெரியாமல் பொய் சொல்லிவிடும். அதனால்தான் உடல் தகுதிச் சான்றில் உங்கள் கையெழுத்தைக் கேட்கிறார்கள். மாட்டுக்குச் சான்று எழுதும்போது தப்பு நடந்தால் மாட்டோடு போகும். இங்கே தப்பு நடந்தால் ஒரு பெண்ணின் கால் போகும்.

பெண் என்று தெரிந்துதான் எழுதினேன். அவள் பெயர் தர்சினி, முல்லைத்தீவுப் பக்கம். அவளுடைய நாயின் பெயர் பிக்ஸி. புதுவயல் வாய்க்குள் அது நுழையவில்லை, ஒரே வாரத்தில் பிச்சி ஆகிவிட்டது. எங்கள் பக்கத்தில் பிச்சி என்றால் பூவும் உண்டு, பைத்தியக்காரியும் உண்டு. பந்தைக் கண்டுவிட்டால் அந்த நாய்க்கு இரண்டாவது அர்த்தமே பொருந்தும்.

முகாம் பொறுப்பாளர் மங்களூர்க்காரர், முன்னாள் ராணுவம். அவருடைய தமிழ் அரைகுறை. சேர்ந்த வாரமே என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"டாக்டர், இவங்க தமிழ் வேற, உங்க தமிழ் வேற. ஒரு லிஸ்ட் போடுங்க. வலி, காய்ச்சல், வாந்தி, இதுக்கெல்லாம் அவங்க என்ன சொல்றது, நீங்க என்ன சொல்றது. நாய் கூட்டுல ஒட்டி வைப்போம்."

நான் சிரித்தேன். எப்படிச் சிரித்தேன் என்பது இப்போதும் காதில் இருக்கிறது. "தமிழுக்குத் தமிழ் அகராதியா சார்? நல்லா இருக்கே!" என்றேன். அவர் இன்னொரு முறை கேட்டார். "பார்ப்போம் சார்" என்றேன். அரசு வேலையில் இருந்தவர்களுக்குத் தெரியும், அதற்குச் செய்யமாட்டேன் என்று அர்த்தம்.

எச்சரிக்கை வராமல் இல்லை. ஒரு நாள் மாலையில் தர்சினியிடம், "நாளைக்குக் காலையில என்னை வந்து பாருங்கம்மா, உங்ககிட்டப் பேசணும்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். நாயின் தீனியை மாற்றுவது பற்றிச் சொல்ல வேண்டியிருந்தது. காலையில் வந்தவளின் கண் வீங்கியிருந்தது. கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"நான் என்ன பிழை செய்தனான் டொக்டர்?"

அவள் ஊரில் பேசுவது என்றால் திட்டுவது. நாம் பேசுவதை அவர்கள் கதைப்பது என்பார்கள். 'நாளைக்கு வா, உன்னைத் திட்டணும்' என்று முன்கூட்டியே நாள் குறித்துவிட்டு நான் நிம்மதியாக வீட்டில் தோசை சாப்பிட்டிருக்கிறேன். விஷயம் தெரிந்ததும் எல்லோரும் சிரித்தோம். அன்றைக்காவது உட்கார்ந்து அந்தப் பட்டியலை எழுதியிருக்க வேண்டும். நான் அதை ஒரு நல்ல நகைச்சுவைத் துணுக்காக வைத்துக்கொண்டு பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தேர்வுக்கு இரண்டு நாள் இருந்தது. அதில் தேறிய மறுநாளே ஜோடிகள் விமான நிலையத்துக்கு வேனில் கிளம்ப வேண்டும். காலையில் எல்லா நாய்களையும் வரிசையாகப் பார்த்தேன். பிச்சிக்குக் காய்ச்சல் இல்லை, நெஞ்சு சுத்தம், பாதம் சுத்தம். மதியம் நான் சான்றுகளை நிரப்பிக்கொண்டிருந்தபோது தர்சினி வந்தாள். பக்கத்தில் பிச்சி நின்றது. எங்களுக்குள் நடந்த பேச்சை அப்படியே எழுதுகிறேன், ஒரு சொல்லைக்கூட நான் மறக்கவில்லை.

"டொக்டர், பிச்சிக்கு வருத்தம் போல கிடக்கு. நேற்றில இருந்து ஒரு மாதிரி."

"வருத்தம் இருக்கத்தானம்மா செய்யும்? பழகின இடத்தை விட்டுப் போகுதுல்ல."

"இடம் மாறினா வருத்தம் வருமோ டொக்டர்?"

"வராம? எனக்கே வரும்."

"அப்ப மருந்து ஏதும்?"

"வருத்தத்துக்கு ஏதும்மா மருந்து! நீங்க பக்கத்துலயே இருங்க. அதான் மருந்து."

"தானா மாறிடுமோ?"

"ரெண்டு நாள்ல தானா மாறிடும். கவலைப்படாதீக."

"ஓம் டொக்டர்" என்று சொல்லிவிட்டுப் போனாள். போகும்போது ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். என்னுடைய ஆறுதல் மொழி அவளை நெகிழ்த்திவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

சான்றில் கடைசிக் கட்டம் ஒன்று உண்டு. 'நடத்துபவர் கூறியது' என்று தலைப்பு. மற்ற நாய்களுக்கு 'ஒன்றுமில்லை' என்று எழுதியிருந்தேன். பிச்சியின் தாளில் எனக்குள் இருந்த பட்டிமன்றக்காரன் எழுந்துவிட்டான். அழகான கையெழுத்தில் 'பிரிவாற்றாமை' என்று எழுதி, கீழே 'பணிக்குத் தகுதி' என்று கையொப்பமிட்டேன்.

தேர்வு நாள் வந்தது. தேர்வாளர் ஒரு வெளிநாட்டுப் பெண்மணி. வெடிக்காதபடி செய்த கண்ணிகளைப் பொட்டலில் எங்கெங்கே புதைத்திருக்கிறது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். பிச்சி எல்லாவற்றையும் கண்டுபிடித்தது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் தாண்டி இரண்டடி போய், நின்று, யோசித்து, திரும்பி வந்து உட்கார்ந்தது. தேர்வாளர் தாளில் ஏதோ குறித்துக்கொண்டார். பிறகு தலையசைத்தார். தேறிவிட்டது. எல்லோரும் கைதட்டினோம். காரைக்குடியிலிருந்து கந்தரப்பம் வாங்கி வந்திருந்தார்கள், நான் இரண்டு சாப்பிட்டேன்.

நாய்களைக் கவனித்துக்கொள்கிறவர் முத்தழகு. அரிசி ஆலை ஓடிய காலத்தில் அங்கே நெல் அவித்தவர், அதனால் அந்த இடத்தின் ஒவ்வொரு மூலையும் அவருக்குத் தெரியும். அவர் கூண்டுப் பக்கமிருந்து கூப்பிட்டார்.

"டாக்டரு, செத்த இங்குட்டு வாங்க. பிச்சி தண்ணிக் கிண்ணத்துல செவப்பா கெடக்கு."

போய்ப் பார்த்தேன். கிண்ணத்தின் வெள்ளை விளிம்பில் ஒரு துளி, தண்ணீருக்குள் இன்னொன்று கரைந்துகொண்டிருந்தது. மூக்கிலிருந்து ரத்தம். தர்சினி தரையில் உட்கார்ந்து பிச்சியின் தலையை மடியில் வைத்திருந்தாள்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் இதை மட்டும் மறைத்தால் மற்றதையெல்லாம் எழுதிப் பயனில்லை. அந்த நொடியில் எனக்கு முதலில் நோய் தோன்றவில்லை. சாக்குத்தான் தோன்றியது. புதுவயலில் சாக்குக்கு என்ன பஞ்சம்? நான்கு பக்கமும் ஆலைகள், காற்றெல்லாம் உமித்தூசி. என் மூக்கே காலையில் தவிட்டு நிறத்தில்தான் இருக்கும். 'தூசி, மூக்கில் லேசான கீறல்' என்று எழுதிவிட்டால் வேன் போய்விடும், சான்று நிற்கும், குத்துவிளக்கும் நிற்கும்.

"தூசியா இருக்கும்" என்று வாய் சொல்லியும்விட்டது.

தர்சினி நிமிர்ந்து பார்த்தாள். "இல்லை டொக்டர். நான் அண்டைக்கே சொன்னனான்தானே, வருத்தம் எண்டு."

"அது... ஊரை விட்டுப் போற வருத்தம்னுல்ல சொன்னீக?"

"நான் அப்பிடிச் சொல்லேல்லை. நீங்கள்தான் இடம் மாறினா வருத்தம் வரும் எண்டு சொன்னீங்கள். எனக்கு விளங்கேல்லை. பெரிய டொக்டர், தெரியாமலா சொல்லுவார் எண்டு இருந்திட்டன்."

"தர்சினி, உங்க ஊர்ல வருத்தம்னா என்ன?"

அவள் என்னை இரக்கத்தோடு பார்த்தாள். "வருத்தம் எண்டா வருத்தம்தான் டொக்டர். காய்ச்சல், தடிமன், சலரோகம்... வருத்தக்காரர் எண்டு சொல்லுவமே, ஆசுபத்திரியில கிடக்கிறவை."

நோய். அவள் ஊரில் வருத்தம் என்றால் நோய். நாய்க்கு நோய் என்று ஒரு பெண் என்னிடம் வந்து சொல்லியிருக்கிறாள். இடம் மாறினால் நோய் வரும், எனக்கே வரும், அதற்கு மருந்து கிடையாது, பக்கத்தில் உட்கார்ந்திரு, தானாகப் போய்விடும் என்று ஒரு கால்நடை மருத்துவன் பதில் சொல்லியிருக்கிறான். அவள் திரும்பிப் பார்த்தது நெகிழ்ந்து போய் அல்ல, இந்த ஆள் உண்மையிலேயே படித்தவர்தானா என்றுதான்.

நானும் தரையில் உட்கார்ந்தேன். காய்ச்சல் பார்த்தேன், கொதித்தது. காலையில் இறங்கி மதியம் ஏறுகிற காய்ச்சல், நான் காலையில் மட்டும் பார்த்திருக்கிறேன். உதட்டைப் புரட்டினால் ஈறில் ஊசி குத்தினது போலச் சிவப்புப் புள்ளிகள். முத்தழகு பாத விரல்களுக்கு நடுவே விரித்துக் காட்டினார், கொழுத்த உண்ணி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. பாதம் சுத்தம் என்று நான் எழுதிய அதே பாதம். உண்ணிக் காய்ச்சல். மாவட்டம் முழுக்க எத்தனை நாய்களுக்குப் பார்த்திருப்பேன்!

அப்போதுதான் அந்த இரண்டடி நினைவுக்கு வந்தது. வெடியைத் தாண்டிப் பிச்சி போன இரண்டடி. காய்ச்சலில் மூச்சிரைக்கிற நாயால் சரியாக முகர முடியாது. இங்கே அது திரும்பி வந்துவிட்டது. அடுத்த வாரம் வன்னியில் திரும்பாமல் போயிருந்தால், அந்த இரண்டடிக்குள் தர்சினியின் கால் இருந்திருக்கும்.

"எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கும்மா" என்றேன்.

அவள் பதறிவிட்டாள். "உங்களுக்குமோ டொக்டர்? உண்ணி கடிச்சதோ?"

முத்தழகு சிரித்துவிட்டார். அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்க்கக் கை நீட்டியபோது எனக்கும் சிரிப்பு வந்தது, கண்ணிலும் தண்ணீர் வந்தது.

ஆனால் சிரித்து முடிக்கிற விஷயமாக அது இல்லை. ஜோடி பிரியக் கூடாது என்பது முகாமின் விதி. பிச்சி நின்றால் தர்சினியும் நிற்க வேண்டும். அவர்கள் போகவிருந்தது அவளுடைய சொந்தக் கிராமத்துப் பக்கம். மண்டை ஓடு போட்ட சிவப்புப் பலகை அவள் வீட்டைச் சுற்றிய மனைக்குள்ளேயே, அவர்கள் சொல்கிற வளவுக்குள்ளேயே, நிற்கிறது. வேலிக்கு வெளியே தகரக் கொட்டகையில் அவள் அம்மா காத்திருக்கிறார். அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் வேனில் ஏறியிருக்கலாம். தெரிந்துதான், தனக்கு நட்டமென்று தெரிந்துதான், நாய்க்கு நோய் என்று என்னிடம் வந்து சொல்லியிருக்கிறாள். நான் அதற்கு இலக்கியம் சொல்லி அனுப்பியிருக்கிறேன். இன்றுவரை எனக்கு ஆறாதது இதுதான்.

"நான் எழுதினதை அழிச்சா நீங்க இப்பப் போக முடியாது" என்றேன்.

"தெரியும் டொக்டர். அழியுங்கோ."

அலுவலக அறையில் பொறுப்பாளரும் தேர்வாளரும் தாள்களில் முத்திரை போட்டுக்கொண்டிருந்தார்கள். பிச்சியின் சான்றைத் திருப்பிக் கேட்டேன். பொறுப்பாளர் அதை எடுத்து, கடைசிக் கட்டத்தைப் படித்து, எழுத்துக்கூட்டினார்.

"பி-ரி-வா... டாக்டர், இது எந்த மாதிரி நோய்?"

என்னை விட்டுவிட்டு வாசலில் நின்ற முத்தழகிடம் கேட்டார்.

"தெரியலீங்களே சார். டாக்டரு பட்டிமன்றத்துல பேசுறவுக, அந்தப் பேச்சா இருக்கும்."

அதன்பிறகு நடந்ததை எல்லோர் முன்னாலும் சொன்னேன். தேர்வாளருக்கு ஆங்கிலத்தில் விளக்க வேண்டியிருந்தது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்கள் மொழி என்ன?" என்றார். தமிழ். "அந்தப் பெண்ணின் மொழி?" தமிழ். கொஞ்சம் யோசித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து கேட்டார். மறுபடியும் தமிழ், தமிழ் என்றேன். கேட்டவர் மூன்றாம் முறை கேட்கவில்லை, அது அவருடைய பெருந்தன்மை. சான்றை ரத்து செய்து, காரணம் என்ற இடத்தில், 'நடத்துபவர் சரியாகச் சொன்னார், மருத்துவருக்குத் தமிழ் புரியவில்லை' என்று எழுதினேன். என் வாழ்நாளில் எழுதியதில் சுருக்கமான வாக்கியமும் உண்மையான வாக்கியமும் அதுதான்.

பொறுப்பாளர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் என் முன்னால் வைத்துவிட்டு, தேர்வாளரை வழியனுப்பப் போய்விட்டார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். தர்சினியின் மொழியில் சொன்னால், பேசியிருந்தால்.

மறுநாள் மற்ற ஜோடிகளை ஏற்றிக்கொண்டு வேன் போனது. தர்சினி கேட்டருகே நின்று கை அசைத்தாள். பிச்சிக்கு மாத்திரை ஒரு மாதம் ஓடியது. மாத்திரையைத் துப்புவதில் பிச்சி கெட்டிக்காரி, கறிக்குள் வைத்தால் கறியை மட்டும் தின்றுவிட்டு மாத்திரையைச் சுத்தமாகத் துடைத்து வைத்திருப்பாள். அந்த ஒரு மாதம் நானும் தர்சினியும் நாய்க் கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பட்டியலை எழுதினோம். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். சந்தேகம் வந்தால் எங்கள் ஊர்ச் சொல்லுக்கு முத்தழகு தீர்ப்புச் சொல்வார். உங்கள் அறைக் கதவில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறதே, அதுதான். முதல் வரியில் எந்தச் சொல் இருக்கிறதென்று பாருங்கள்.

இரண்டாவது தேர்வில் பிச்சி எந்த இடத்தையும் தாண்டிப் போகவில்லை. கந்தரப்பம் இந்த முறையும் வந்தது. நான் சாப்பிடவில்லை, முதலில் போய் பிச்சியின் விரலிடுக்கைப் பார்த்தேன்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். அந்தக் கடைசிக் கட்டத்தில் நடத்துபவர் சொன்னதை, அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். திருத்தாதீர்கள், மெருகேற்றாதீர்கள். புரிந்த சொல்லாக இருந்தாலும், "உங்க ஊர்ல அப்படின்னா என்ன?" என்று ஒரு தரம் கேட்டுவிடுங்கள். புரியாத சொல்லால் ஆபத்தில்லை, கேட்டுத் தெரிந்துகொள்வோம். புரிந்துவிட்டதென்று நினைத்த சொல்தான் என்னைக் கவிழ்த்தது.

போன மாதம் தர்சினியிடமிருந்து வாட்ஸ்அப்பில் குரல் பதிவு ஒன்று வந்தது. பின்னணியில் பிச்சி குரைக்கிறது.

"டொக்டர், எங்கட வளவில வெடி எடுத்து முடிஞ்சுது. பலகையை இண்டைக்குத்தான் பிடுங்கினவை. அம்மா செருப்பில்லாமல் கிணத்தடி வரைக்கும் நடந்து போனவ. பிச்சி நல்லா இருக்கிறாள், நானும் நல்லா இருக்கிறன். எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை டொக்டர். எங்கட வருத்தமும் இல்லை, உங்கட வருத்தமும் இல்லை."

என் மனைவியைக் கூப்பிட்டு அதை இன்னொரு முறை போட்டுக் காட்டினேன். பிறகு பதில் எழுத உட்கார்ந்தேன். 'ரொம்ப சந்தோஷம் தர்சினி. நாளைக்குக் கூப்பிடுகிறேன், உங்களோடு பேச வேண்டும்' என்று தட்டினேன். அனுப்பப் போன விரல் நின்றது. கடைசிச் சொற்களை அழித்துவிட்டு, 'உங்களோடு கதைக்க வேண்டும்' என்று மாற்றி அனுப்பினேன்.